தண்ணீர் எங்கே நின்றது?

லினக்ஸ் கணனியில் இணைப்புக் கோளாறைக் கண்டறியும் பாடம்

எமது நிலையத்து அறைக் கணனி ஒரு நாள் காலை இணையப் பக்கங்களைத் திறக்க மறுத்தது. விண்ணப்பப் படிவம் ஒன்றை இறக்கி அச்சிட்டு எடுப்பதற்காக அன்று பதினொரு பேர் வந்து வாங்கில் காத்திருந்தார்கள். படிவம் கொடுக்க மறுநாள் கடைசித் திகதி. நாம் செய்ததை மறைக்காமல் சொல்லுகிறோம். வயர்களை எல்லாம் பிடுங்கி இடம் மாற்றிக் குத்தினோம். ரவுட்டரை நாலைந்து தடவை அணைத்துப் போட்டோம். எம்மில் ஒருவர் அமைப்புகளுக்குள் போய் ஏதோ எண்களை மாற்றினார். எதை மாற்றினார் என்பது பிறகு அவருக்கே நினைவில்லை. வந்தவர்களில் நால்வர் பஸ் ஏறி நகரத்துக்குப் போய்ப் படிவம் எடுத்தார்கள். மற்ற ஏழு பேரும் அந்த முறை விட்டுவிட்டார்கள்.

"கணனி பழுது" என்று தீர்ப்புச் சொல்லி, அதைச் சாக்கில் சுற்றித் திருகோணமலையில் ஒரு கடைக்குக் கொண்டு போனோம். இயங்குதளம் கெட்டுப் போயிற்று என்றார் கடைக்காரர். தட்டை முழுவதும் அழித்து வேறொன்றைப் புதிதாகப் போட்டுத் தந்தார். கடையில் எல்லாப் பக்கமும் திறந்தன. காசு கொடுத்துத் திரும்பி வந்து, அறையில் வைத்துப் போட்டால் மறுபடியும் அதே மறுப்பு!

அழிந்த தட்டில் இருந்தவை எவை என்று அன்றிரவுதான் யோசித்தோம். நாற்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களின் காணி அனுமதிப்பத்திரம், உறுதி, பிறப்புப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகள் அதில் இருந்தன. 2006 இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து ஓடும்போது துணி மூட்டைக்குள் வைத்துக் கொண்டு வந்து, கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் வருடக்கணக்காகப் பொலித்தீன் பையில் காத்து, 2015, 2016 ஆண்டுகளில் காணிகள் விடுபட்டபோது திரும்பக் கையில் எடுத்த கடதாசிகள் அவை. சிலவற்றின் மூலப் பத்திரம் பிறகு கறையானுக்குப் போயிற்று. அவற்றுக்கு இருந்த ஒரே பிரதி எமது கணனியில் இருந்தது.

கோளாறு என்னவென்று கடைசியில் தெரிந்தது. சட்டைப் பொத்தான் அளவு பற்றரி ஒன்று இறந்து போயிருந்தது. இந்தப் பாடத்தின் நடுவில் அதற்கு வருவோம். அதற்கு முன், அன்று நாம் எப்படித் தேடியிருக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

வக்கடையிலிருந்து மேலே நடத்தல்

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் சொந்த வக்கடையைப் பார்க்கிறீர்கள். நண்டு துளைத்து ஓட்டையா, புல் அடைத்ததா? அது சரியென்றால் வரம்பு வழியே பக்கத்து வயல் வரை நடக்கிறீர்கள். அங்கே தண்ணீர் நிற்கிறதா? நின்றால், கோளாறு அவருக்கும் உங்களுக்கும் நடுவில். அங்கேயும் இல்லையென்றால் சிறு வாய்க்கால், பிறகு பெரு வாய்க்கால், கடைசியில் குளத்துத் துருசு. இப்படி நடந்து பார்த்தவர்தான் வட்டவிதானையிடம் போய், "மேல் வாய்க்கால் வரை தண்ணீர் இருக்கிறது, இந்த மதகுக்குக் கீழே இல்லை" என்று சொல்ல முடியும். நடக்காமல் வந்து சத்தம் போடுகிறவருக்கு அவர் என்ன பதில் சொல்லுவார் என்பது உங்களுக்குத் தெரியும்.

கணனி இணைப்பும் இதே ஒழுங்கில்தான் வருகிறது. கணனி, வயர் அல்லது வைபை, ரவுட்டர், இணைப்புத் தரும் கம்பனி, கடலடிக் கேபிள், அதற்கப்பால் உலகம். கிட்டவிருந்து எட்டப் போக வேண்டும். ஒரு படியைத் தீர்க்காமல் அடுத்ததற்குத் தாவக் கூடாது. எங்கே நின்றது என்று தெரியும் வரை எதையும் மாற்றக் கூடாது. நாம் அன்று பிழை விட்டது இந்தக் கடைசி விடயத்தில்தான். மேல் வாய்க்காலைப் பார்க்காமல் சொந்த வரம்பை வெட்டிவிட்டோம்.

ஏன் லினக்ஸ்

எமது அறையிலும், இப்படிப்பட்ட பல அறைகளிலும் உள்ள பழைய கணனிகளில் லினக்ஸ் போடப்பட்டிருப்பதற்குக் காரணம் எளிது. அதற்கு அனுமதிக் கட்டணம் இல்லை. பழைய யந்திரத்திலும் ஓடும். 1991 இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதன் கருவைத் தொடங்கி, யாரும் எடுத்துத் திருத்தலாம் என்று திறந்து விட்டார்.

இடம்பெயர்ந்த மக்களுக்கு அதனோடு வேறொரு தொடர்பும் உண்டு. 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பின், காணாமற் போனோர், முகாம்கள், உதவிப் பொருட்கள் ஆகியவற்றைப் பதிவு செய்ய எமது நாட்டுக் கணனித் தொண்டர்கள் சில நாட்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதினார்கள். அதன் பெயர் சஹானா. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அதையும் திறந்த முறையிலேயே எழுதியதால், 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்கேயும் எடுத்துப் பயன்படுத்த முடிந்தது. 2006 ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதை கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது. லினக்ஸ் என்றால் ஏழைகளுக்குக் கொடுக்கும் இரண்டாந்தரப் பொருள் என்று நினைப்பவர்கள் எம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இதைச் சொன்னோம்.

கை வைக்கும் முன்

முதலில் கண்ணால் பாருங்கள். ரவுட்டரில் விளக்கு எரிகிறதா? மின்சாரம் வந்து போன பிறகு சிலவேளை அது தானாக எழும்பாது. அணைத்து, நூறு எண்ணி, போட்டுவிட்டு, ஐந்து நிமிடம் பொறுத்திருங்கள். ஒரு தடவை போதும். வயரின் இரு முனையும் "டிக்" என்று பூட்டியிருக்கின்றனவா? எலி கடித்த வயரை நாம் இரண்டு தடவை கண்டிருக்கிறோம். மடிக்கணனியாக இருந்தால் ஆகாயவிமானப் படம் போட்ட விசையை யாரோ தெரியாமல் தட்டியிருக்கலாம். தட்டினால் வைபை முழுவதும் அணைந்துவிடும். சிறுபிள்ளைகள் வந்து போகும் அறையில் இது அடிக்கடி நடக்கும்.

அடுத்தது, மாற்றிப் பார்த்தல். ஒரு கைத்தொலைபேசியை அதே ரவுட்டரின் வைபையில் இணைத்து, போனின் சொந்த டேட்டாவை அணைத்துவிட்டு, ஏதாவது பக்கத்தைத் திறவுங்கள். போனில் திறந்தால் ரவுட்டரும் அதற்கு மேலுள்ளதும் சரி, கோளாறு கணனியில். போனிலும் திறக்காவிட்டால் கணனியைத் தொடவே வேண்டாம். மறுவளமும் செய்யலாம். போனின் டேட்டாவைப் போட்டு, சார்ஜ் வயரால் கணனியோடு இணைத்து, போனின் அமைப்பில் யூ.எஸ்.பி. வழி இணைப்புப் பகிர்வை இயக்குங்கள். பெரும்பாலும் லினக்ஸ் எதுவும் கேட்காமல் அதை ஏற்றுக்கொள்ளும். அப்போது பக்கங்கள் திறந்தால் கணனி நலமாக இருக்கிறது. எமக்கு இது முன்னமே தெரிந்திருந்தால், போனில் இணைத்த பிறகும் பக்கங்கள் மறுப்பதைக் கண்டு, ரவுட்டர்மேல் பழி போட்டிருக்க மாட்டோம்.

டொங்கிள் பாவிப்பவர்களுக்கு ஒரு சொல். சில டொங்கிள்கள் செருகியவுடன் சி.டி. தட்டுப் போலத் தம்மைக் காட்டும். ஒரு நிமிடம் பொறுத்தால் லினக்ஸ் அதை இணைப்புக் கருவியாக மாற்றிக்கொள்ளும். மாறாவிட்டால் கழற்றி, வேறு துளையில் செருகுங்கள்.

நான்கு சொற்கள்

இனி கணனியையே கேட்போம். கொன்ட்ரோல், ஒல்ட், ரி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான லினக்ஸ் கணனிகளில் ஒரு கறுப்புத் திரை வரும். பயப்பட ஒன்றுமில்லை. இங்கே நாம் தரும் சொற்கள் எதையும் மாற்றுவதில்லை, எதையும் அழிப்பதில்லை, பார்த்துச் சொல்ல மட்டுமே செய்யும். ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் அடியுங்கள்.

முதற் சொல்: ஐ, பி, ஒரு இடைவெளி, ஏ. பிறகு என்டர். வரிகள் பல வரும். அவற்றில் 127.0.0.1 என்ற எண் உள்ள பகுதி கணனியின் சொந்த முற்றம். அது எப்போதும் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். அடுத்த பகுதி ஈ எழுத்தில் தொடங்கினால் வயர், டபிள்யூ எழுத்தில் தொடங்கினால் வைபை. அங்கே "நோ கரியர்" என்று இருந்தால் வயரில் உயிர் இல்லை. வயரையும் பிளக்கையும் பாருங்கள். "ஸ்டேட் அப்" என்று இருந்தால் வக்கடை திறந்திருக்கிறது. அதற்குக் கீழே "ஐநெட்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 192.168 என்று தொடங்கும் எண் இருக்கிறதா? அதுதான் ரவுட்டர் உங்கள் கணனிக்குக் கொடுத்த விலாசம். (சில ரவுட்டர்கள் 10 இல் தொடங்கும் எண் கொடுக்கும். அதுவும் சரியே.) எண்ணே இல்லாவிட்டால், அல்லது 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் விலாசம் கொடுக்கவில்லை. திரையின் மூலையில் உள்ள இணைப்புப் படத்தை அமுக்கி, அணைத்துப் போடுங்கள். வைபை என்றால் கடவுச்சொல்லை மறுபடி கேட்கலாம். யாரோ ரவுட்டரில் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு எமக்குச் சொல்லாமல் விட்டதும் ஒரு தடவை நடந்தது.

டபிள்யூ பகுதியே காணவில்லை என்றால், வைபைக் கருவிக்குரிய இயக்கி போடப்படவில்லை. பழைய மடிக்கணனியில் லினக்ஸைப் புதிதாகப் போட்டதும் இது நேரும். மேலே சொன்னபடி போனை வயரால் இணைத்துக்கொண்டு இயக்கியை இறக்கலாம்.

இரண்டாம் சொல்: ஐ, பி, இடைவெளி, ஆர். "டிபோல்ட் வயா" என்று ஒரு வரி வர வேண்டும். இது வழி சொல்லும் வரி. மூதூரிலிருந்து திருகோணமலைக்குக் கொட்டியாரக் குடாவைத் தாண்டிப் படகிலும் போகலாம், கிண்ணியா சுற்றித் தரையாலும் போகலாம். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு, "வேறு எதுவும் தெரியாவிட்டால் இறங்குதுறைக்குப் போ" என்று சொல்லி விடுவோம் அல்லவா? அதுபோல, "வெளியே போவதெல்லாம் இந்த வாசலால் போ" என்று கணனிக்குச் சொல்லுவது இந்த வரி. "வயா" என்பதற்குப் பின் உள்ள எண் ரவுட்டரின் விலாசம். அதைக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். பல இடங்களில் அது 192.168.1.1 ஆக இருக்கும். வரியே இல்லையென்றால் கணனிக்கு வாசல் தெரியாது. யாராவது கையால் எண்களை மாற்றியிருந்தால் பெரும்பாலும் இதுதான் விளைவு. இணைப்பு அமைப்பில் "தானியங்கி" என்பதைத் திரும்பத் தெரிவு செய்தால் சரியாகும்.

மூன்றாம் சொல்லே எமக்கு மிகவும் பயன்பட்டது. பி, ஐ, என், ஜி. பிங் என்று சொல்லுவார்கள். இருட்டில் வரம்பில் நின்று, "யாரது அங்கே?" என்று கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று கேட்பதைப் போன்றது. பிங், இடைவெளி, ரவுட்டரின் எண், என்டர். பதில் வந்தால் ஒவ்வொரு வினாடியும் ஒரு வரி விழும். லினக்ஸில் அது தானாக நிற்காது. கொன்ட்ரோலும் சி எழுத்தும் சேர்த்து அமுக்கினால் நின்று, எத்தனை கூப்பாட்டுக்கு எத்தனை பதில் என்று கணக்குச் சொல்லும். "ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று வந்தால் ரவுட்டர் வரையே போகவில்லை. கோளாறு உங்கள் அறைக்குள். பத்துக்கு மூன்று நான்கு பதில் வராமல் போனால் வைபை பலவீனம். கணனியை ரவுட்டருக்குக் கிட்டக் கொண்டு வந்து மறுபடி கூப்பிடுங்கள். மண் சுவர் பரவாயில்லை. எமது அறையில் நடுவில் நின்ற தகர அலுமாரியை நகர்த்தியதும் பதில்கள் ஒழுங்காக வந்தன.

ரவுட்டர் பதில் சொன்னால் ஒரு படி மேலே போவோம். பிங், இடைவெளி, 8.8.8.8. இது கூகுள் நிறுவனம் 2009 முதல் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் விலாசம், நினைவில் வைக்க எளிது. ரவுட்டர் பதில் சொல்லி, இது சொல்லாவிட்டால், கோளாறு ரவுட்டருக்கு மேலே. பெரும்பாலும் டேட்டா பக்கேஜ் முடிந்திருக்கும், அல்லது பில் கட்டவில்லை, அல்லது கம்பத்தில் வயர் அறுந்திருக்கும், அல்லது கோபுரத்தில் கோளாறு. அப்போது கம்பனியின் உதவி இலக்கத்துக்கு அழைத்து, "இணையம் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ரவுட்டர் பதில் சொல்லுகிறது, வெளி எண் பதில் சொல்லவில்லை, ரவுட்டரில் இந்த விளக்கு இந்த நிறத்தில் எரிகிறது" என்று சொல்லுங்கள். எமது மாதர் சங்கத்தைச் சேர்ந்த ஒரு அக்கா இப்படிச் சொன்ன அன்றுதான், அணைத்துப் போடச் சொல்லும் வழமையான பதிலைத் தாண்டி, மறுமுனையில் இருந்தவர் எம்மோடு மரியாதையாகப் பேசினார்.

எண்ணுக்குப் பதில் வருகிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை என்றால்? இப்போது எண்ணுக்குப் பதிலாகப் பெயரைக் கூப்பிடுங்கள். பிங், இடைவெளி, ஏதாவது தளத்தின் பெயர். "பெயர் தெரியவில்லை" என்ற பொருளில் ஆங்கில வரி வந்தால் கோளாறு பெயர் ஏட்டில். கணனிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் அறியும். பெயரைக் கொடுத்தால், அதற்குரிய எண்ணைச் சொல்ல வேறொரு கணனி வேண்டும். விதானையாரிடம் போய், "இன்னாருடைய வீடு எது?" என்று கேட்பது போன்றது. பாதை எல்லாம் திறந்துதான் இருக்கிறது, விதானையார் மட்டும் இல்லை. இணைப்பு அமைப்பில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 8.8.8.8 என்று எழுதிச் சேமித்து, அணைத்துப் போட்டால் பெரும்பாலும் தீரும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும், அதையும் எழுதி வைத்துக்கொண்டு, நீங்களே செய்யலாம்.

ஒரு எச்சரிக்கை: சில தளங்கள் நலமாக இருந்தும் பிங்குக்குப் பதில் சொல்லாது. ஒன்று பதில் சொல்லாவிட்டால் இன்னொன்றைக் கூப்பிட்ட பிறகே முடிவுக்கு வாருங்கள்.

நாலாம் சொல்: டி, ஏ, ரி, ஈ

திகதி என்பதன் ஆங்கிலச் சொல். இதை அடித்தால் கணனி தன் திகதியையும் நேரத்தையும் சொல்லும். எமது கதை இங்கேதான் முடிந்தது.

கடையிலிருந்து வந்த கணனியும் மறுத்தபோது, விடுமுறைக்கு வந்திருந்த ஒரு பல்கலைக்கழகப் பிள்ளை பக்கத்தில் இருந்தார். ரவுட்டர் பதில் சொல்லுகிறது, 8.8.8.8 பதில் சொல்லுகிறது, பெயரும் பதில் சொல்லுகிறது. ஆனால் உலாவி மட்டும், "இணைப்புப் பாதுகாப்பானதல்ல" என்று ஒவ்வொரு பக்கத்தையும் தடுக்கிறது. அவர் திரையின் மூலையைக் காட்டினார். அங்கே 2012 ஜனவரி 1 என்று இருந்தது.

இன்றைய தளங்கள் எல்லாம் தம்மை உறுதிப்படுத்த ஒரு சான்றிதழைக் காட்டுகின்றன. அதில் தொடங்கும் திகதியும் முடியும் திகதியும் உண்டு. 2012 இல் இருப்பதாக நினைக்கும் கணனிக்கு, எந்தச் சான்றிதழும் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் எல்லாவற்றையும் பொய் என்று தள்ளுகிறது. தன் கடமையைத்தான் செய்கிறது.

திகதி ஏன் பின்னே போயிற்று? மின்சாரம் இல்லாத நேரத்தில் கணனியின் மணிக்கூட்டை ஓட வைப்பது உள்ளே இருக்கும் பொத்தான் பற்றரி. அது இறந்தால், பிளக்கைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் மணிக்கூடு பழைய இடத்துக்குப் போய்விடும். கடையில் கையால் திகதி வைத்துத்தான் இயங்குதளம் போட்டார்கள், அதனால் அங்கே வேலை செய்தது. பஸ்ஸில் வரும்போது கணனியில் மின்சாரம் இல்லை, மணிக்கூடு விழுந்துவிட்டது. நேரத்தை இணையத்திலிருந்து தானாக எடுக்கும் வசதி இயக்கத்தில் இருந்திருந்தால் கணனி தன்னைத் திருத்தியிருக்கும். எமது கணனியில் அது அணைந்திருந்தது.

மேசைக் கணனி என்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு, பக்கத் தகட்டைத் திறந்து, வெள்ளி நிறத்தில் தெரியும் வட்டப் பற்றரியை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும், 3 வோல்ட். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்துக்கொண்டு, அதே எண்ணில் புதியதை வைத்து, கணனியைப் போட்டுத் திகதியைச் சரிசெய்யுங்கள். அமைப்பில் தானியங்கி நேரத்தையும் இயக்குங்கள். திகதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், "பரவாயில்லை, தொடர்க" என்று அமுக்கி உள்ளே போகாதீர்கள், அதிலும் வங்கி, அடையாள அட்டை எண் கேட்கும் இடங்களில். பல வருடம் புதுப்பிக்காத இயங்குதளமும் இப்படிச் செய்யும். 2021 செப்டம்பர் 30 அன்று பல தளங்கள் நம்பியிருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, உலகெங்கும் பழைய கணனிகளும் போன்களும் ஒரே நாளில் தடுமாறின.

எமது கையில் இல்லாதவை

குளத்திலேயே தண்ணீர் இல்லாத நாளும் உண்டு. 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பலின் நங்கூரம் கடலடிக் கேபிளை இழுத்துச் சேதப்படுத்தியபோது, நாட்டின் இணையம் பெரும்பாலும் முடங்கியது. துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த எமக்கு நங்கூரம் என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. 2008 ஜனவரியில் எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குக் கிட்டக் கேபிள்கள் அறுந்தபோதும் இந்தியா, இலங்கை வரை இணைப்பு மெதுவானது. பிறகு வேறு கேபிள்கள் வந்து சேர்ந்தன. மாத்தறையில் ஒன்று கரையேறியது.

இன்னொரு வகையும் உண்டு. எல்லாப் பக்கமும் திறக்கும், முகநூல், வட்ஸ்அப் போன்றவை மட்டும் திறக்காது. 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்பும், 2022 ஏப்ரல் 3 அன்றும் இந்நாட்டில் சமூக வலைத்தளங்கள் அரசால் தடுக்கப்பட்டன. அப்படியான நாளில் வயரைப் பிடுங்குவது வீண் வேலை. வேறு கம்பனியின் சிம் வைத்திருக்கும் அயலவரைக் கேட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சங்கிலி முழுவதையும் ஒருசேரப் பார்த்தவர்களில் புதுச்சேரிக் கிராமத்தவர்களை நாம் மதிக்கிறோம். அங்கே 1998 இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. தொலைபேசி வயரை நம்ப முடியாததால் வானொலிக் கருவியால் கிராமங்களை இணைத்தார்கள். மின்சாரத்தை நம்ப முடியாததால் சூரியத் தகடு வைத்தார்கள். வீராம்பட்டினத்து மீனவருக்கான அலை உயரத் தகவல் அமெரிக்கக் கடற்படையின் பக்கத்திலிருந்து வில்லியனூருக்கு வந்து, அங்கிருந்து வானொலி அலையில் கிராமத்துக்குப் போய், ஒலிபெருக்கியால் கடற்கரையில் வாசிக்கப்பட்டது. ஒரு நாள் காலை கடற்கரையில் சத்தம் கேட்காவிட்டால், கோளாறு இந்த ஐந்தாறு கண்ணிகளில் எதிலும் இருக்கலாம், ஒலிபெருக்கி வயரிலும்கூட. 2004 கடற்கோள் நாளில் அதே திட்டத்தைச் சேர்ந்த நல்லவாடு கிராமத்துக்குச் செய்தி வந்தது சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில். நிலையத்தின் ஒலிபெருக்கியால் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். அன்று இணையம் எதுவும் செய்யவில்லை. ஆனால் கடைசிக் கண்ணி, அதாவது அந்த ஒலிபெருக்கி, வேலை செய்யும் நிலையில் இருந்தது.

கணனியை வெளியே அனுப்பும் முன்

எல்லாப் படியும் பார்த்தும் தீராவிட்டால் தெரிந்தவரிடம் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வெறுமனே கொடுக்கக் கூடாது.

லினக்ஸை ஒரு பென் டிரைவில் வைத்து, கணனித் தட்டைத் தொடாமலே அதிலிருந்து இயக்கலாம். எமது அறையில் இப்போது அப்படி ஒன்று இருக்கிறது. அதிலிருந்து இயக்கும்போது இணைப்பு வந்தால், கணனியின் உறுப்புகள் நலம், உள்ளே இருக்கும் அமைப்பில்தான் பிழை. வராவிட்டாலும் நட்டமில்லை. தட்டில் இருக்கும் ஆவணங்களை அப்படியே திறந்து இன்னொரு பென் டிரைவுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். இயங்குதளம் கெட்டது என்று கடையில் சொன்ன அன்று, இருபது நிமிட வேலையில் அத்தனை பத்திரங்களையும் மீட்டிருக்கலாம். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. அழிக்கட்டுமா என்று அவர் கேட்டார், சரி என்றது நாம்.

இப்போது பிரதிகள் மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்று கணனியில், ஒன்று பங்குமனை அலுமாரியில் பூட்டிய பென் டிரைவில், ஒன்று கடலுக்குத் தூரமான வேறொரு ஊரில். மாதக் கடைசிச் சனிக்கிழமை மூன்றையும் ஒத்துப் பார்க்கிறோம். கணனிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி நூலில் கட்டித் தொங்குகிறது. இணைப்பு நின்றால், திகதி, எந்தப் படி வரை பதில் வந்தது, என்ன மாற்றினோம், யார் மாற்றினார்கள் என்று அதில் எழுத வேண்டும். சென்ற மாதத்துப் பதிவு ஒன்று: "ரவுட்டர் பதில். 8.8.8.8 இல்லை. டேட்டா முடிந்தது. ரீலோட் போட்டோம். சரி." பத்து நிமிடத்தில் முடிந்த காரியம். எழுதியவர் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை.

அழிந்த பத்திரங்களை மறுபடி பிரதி எடுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. முன்பு எம்மிடம் பதிந்த குடும்பங்களில் சில இதுவரை வரவில்லை. மூலப் பத்திரம் கையில் உள்ளவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பின் கொண்டு வாருங்கள். பத்து நிமிடத்தில் கையிலேயே திருப்பித் தருவோம். மூலம் அழிந்துவிட்டவர்கள், அனுமதிப்பத்திர இலக்கமோ, பழைய வரிச்சீட்டோ, பக்கத்துக் காணிக்காரரின் பத்திரமோ இருந்தால் அதைக் கொண்டு வாருங்கள். பிரதேச செயலகத்துக் காணிப் பதிவேட்டில் தேடித் தரும்படி கேட்கும் கடிதத்தை இருந்து எழுதுவோம். நடக்க முடியாத பெரியவர்கள் யாரிடமாவது சொல்லி அனுப்பினால் நாம் வீட்டுக்கு வருகிறோம்.